பதினான்கு வயதில் முளைத்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பதின்வயதுப் பிள்ளைகளின் ஆட்டிசம் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: ‘பத்து வயதுக்கு மேல் ஆட்டிசம் என்று சொல்வது இப்போது ஒரு நாகரிகம், செல்போனைப் பிடுங்கிவிட்டு நாலு பேரோடு பழக விட்டால் பாதி சரியாகிவிடும்.’

என் மகளுக்கு ஆட்டிசம் இருப்பது 14 வயதில்தான் தெரிந்தது. அதுவரை அவள் கையில் செல்போனே கிடையாது. நாலு பேருக்கும் பஞ்சமில்லை. வீட்டில் ஒன்பது பேர். மஞ்சள் வெட்டும் காலத்தில் களத்தில் இன்னும் இருபது பேர். ஈரோட்டு நாகரிகமே எங்கள் ஊருக்கு வர மூன்று வருடமாகும் என்பது தாங்கள் அறியாததா?

சிறு வயதில் அவள் யாரையும் தொந்தரவு செய்ததில்லை. டீச்சர்கள் எல்லாரும் ‘அடக்கமான பிள்ளை’ என்றார்கள். பக்கத்துப் பெண் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி கழித்துத் தானும் சிரிப்பாள். விருந்தாளிகளிடம் என்ன பேசுவது என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்ப்பாள். நான் அதைச் சமர்த்து என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூட்டை அடுக்கிய அறைக்குள் போய் ஒரு மணி நேரம் இருட்டில் கிடப்பாளே, அதை மட்டும் யாரும் சமர்த்து என்று சொன்னதில்லை.

பிறகு, அவள் வயதுக்கு வந்ததும் திரட்டிச் சீர். முந்நூறு பேர், மேளம், ஒலிபெருக்கி, உறுத்தும் பட்டு, தலை கொள்ளாத மல்லிகை. பாதியில் காதைப் பொத்திக்கொண்டு அலறியவள், மாமன் சீர்த்தட்டைத் தட்டிவிட்டு ஓடிவிட்டாள். காற்று கருப்பு என்றார்கள். மூன்று கோயில்களில் மந்திரித்தோம். ஒரு வருடம் கழித்துத்தான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் விளக்கினார்: ஆட்டிசம் பிறவியிலேயே இருந்தது, சின்ன வகுப்பில் சமாளித்தவளுக்கு, தோழிகளின் பேச்சில் ஜாடையும் கிண்டலும் கூடிய வயதில் நடிப்பு தாங்கவில்லை. பதற்றமும் தூக்கமின்மையும் அதனால் வந்தவை. சில பிள்ளைகளுக்கு வலிப்புகூட இந்த வயதில்தான் தலைகாட்டுமாம்.

கட்டுரையாளர் ‘31 பேரில் ஒருவர்’ என்று வேறு பயமுறுத்துகிறார். அது 2022இல் அமெரிக்காவின் சில பகுதிகளில் 8 வயதுக் குழந்தைகளைப் பற்றி எடுத்த கணக்கு. நம் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உலக அளவில் 127 பேரில் ஒருவர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே அமெரிக்கக் கணக்கு 2000இல் 150இல் ஒருவர் என்றது. இடையில் வரையறை விரிந்தது, தேடிப் பார்ப்பவர்களும் கூடினார்கள். அந்தக் கணக்கில் ஒரு பெண்ணுக்கு மூன்று பையன்களுக்கு மேல். ஆனால் கண்ணில் பட்டவர்களைத்தானே எண்ண முடியும்! 1943இல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கானர் முதன்முதலில் விவரித்த 11 குழந்தைகளிலேயே 3 பேர் பெண்கள். தாங்களோ ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஒவ்வொரு ஏப்ரல் 2 அன்றும் சுவரைப் பார்த்து நிற்கும் அதே சின்னப் பையனின் படத்தைப் போடுகிறீர்கள். அவனுக்கு வயதே ஆகாதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருட மஞ்சள் விலையைத் தங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் அவள் நோட்டில் எழுதி வருகிறாள். அவள் அப்பா சந்தைக்கு மூட்டை ஏற்றும் முன் அவளைத்தான் கேட்பார். போன பங்குனியில் விரலி விலையையும் கிழங்கு விலையையும் மாற்றி அச்சிட்டீர்கள். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தானே ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டாள். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. நாலு பேரோடு பழகச் சொல்கிறவர்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த 7 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் இருக்கிறது. இருந்தும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போன இடத்தில் ‘நன்றாகத்தானே பேசுகிறாள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த அட்டை இல்லாமல் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கக்கூட முடியவில்லை. பள்ளியிலோ தேர்ச்சி விகிதத்தை நினைத்து வேறு பள்ளி பார்க்கச் சொல்கிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள் முகாம் நடந்து முடிந்த மறுநாள், அதிகாரிகள் அட்டை வழங்கும் படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள். முகாம் எங்கே, எந்தத் தேதியில் என்பதை இரண்டு நாள் முன்னதாக ஒரு மூலையில் போடுங்கள். மஞ்சள் விலைக்குப் பக்கத்தில் போட்டால் அவளே பார்த்துச் சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு மாவட்டம்.

(பெயரும் ஊரும் வேண்டாம். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இந்தக் கடிதத்தை எவராவது நீட்டுவார்கள் என்று அவள் அப்பா பயப்படுகிறார்.)