ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நீங்கள் விற்ற பாட்டு யானை: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்

பொருள்: குழந்தைக்கு ஆபத்தான பொம்மை, தாமத டெலிவரி, உங்கள் ஊழியரின் மரியாதைக் குறைவான பேச்சு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேரில் பேசிப் பேசி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. ஒவ்வொரு முறையும் புது ஆள் எடுக்கிறார், முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறார், "கம்ப்ளெய்ன்ட் போட்டாச்சு மேடம்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். அதனால்தான் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து முழுவதும் படிக்கவும்.

நான் உங்களிடம் என் பேத்திக்கு வாங்கியது பாட்டு யானை, பேட்டரியில் பாடும் யானை பொம்மை. அதன் முதுகில் இருக்கும் பேட்டரி மூடி எப்படிப்பட்டது என்று விற்கிற உங்களுக்கே தெரியும். அந்த மூடிதான் என் புகார். அதில் திருகு கிடையாது. கட்டைவிரல் நகத்தால் நெம்பினேன், டக்கென்று கழன்றது. உள்ளே இருந்த சிஆர்2032 என்ற காசு மாதிரி வட்டப் பேட்டரி தரையில் விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. என் பேத்தி அதை எடுக்கக் குனிந்து உள்ளே போய்விட்டாள். அவள் கைக்கு அது எட்டுவதற்குள் பிள்ளையை இழுத்து எடுத்தேன்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெரிந்துதான் சொல்கிறேன். அந்தப் பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம், ஒரு ரூபாய்க் காசு அளவு. குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரம் பட்டதும் மின்சாரம் பாயும், அந்த இடத்தில் காஸ்டிக் சோடா மாதிரிக் காரம் உண்டாகிச் சதையை அரிக்கும். பலத்த புண்ணாக இரண்டு மணி நேரம் போதும். விழுங்கியது காசு என்றால் டாக்டர் சில சமயம் பொறுத்துப் பார்க்கலாம் என்பார். இதில் பொறுக்கவே முடியாது, உடனே எடுத்தாக வேண்டும். அந்த வயதுப் பிள்ளைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் நேராக வாய்க்குத்தான் போகும். பொம்மைக் கம்பெனி நடத்துகிற உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

இதைத்தான் உங்கள் ஊழியரிடமும் பொறுமையாகச் சொன்னேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா? "குழந்தை முழுங்கிடுச்சா மேடம்? இல்லைல்ல? அப்புறம் என்ன?"

அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. "உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்களே சொல்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். "தம்பி, உங்க வீட்லயும் பிள்ளைங்க இருப்பாங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைனைத் துண்டித்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனால் போகட்டும், அந்தப் பேச்சை என்னால் மறக்க முடியாது.

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் ஆப்பில் "கிறிஸ்துமஸ் பரிசு, 1 வயது முதல்" என்ற பகுதியில்தான் இந்த யானை இருந்தது. அப்போதும் எனக்கு மனசு கேட்காமல் போன் செய்தேன். எடுத்த பெண் நல்ல மரியாதையாகத்தான் பேசினார், "ஒன்றரை வயசுக்குத் தாராளமா வாங்கலாம்" என்றார். கைக்கு வந்த பெட்டியின் பக்கவாட்டில், விலை ஸ்டிக்கருக்குக் கீழே பாதி மறைந்து, சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் குறுக்கே ஒரு கோடும் இருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். உங்கள் பெட்டியை உங்கள் கம்பெனியில் ஒருவர்கூடப் படிக்கவில்லையா? ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை, அதோடு இருக்க வேண்டிய சிஎம்/எல் என்ற உரிம எண்ணும் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். பேட்டரியில் ஓடும் பொம்மைக்கு ஐஎஸ் 15644 என்று தனித் தரமே உண்டு.

எங்கள் வேலூர் லாங் பஜாரில் சின்னப் பொம்மைக் கடைக்காரர்கூட, எத்தனை வயசுப் பிள்ளைக்கு என்று கேட்டு, பேட்டரி போட்டு ஓடவிட்டுக் காட்டித்தான் கையில் கொடுப்பார்.

ராணிப்பேட்டைக்கு அலைந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். டிசம்பர் 20-க்குள் வரும் என்று போட்டிருந்தீர்கள். வரவில்லை. 23-ஆம் தேதி, நான் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்க, "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று மெசேஜ் வருகிறது. கேட்டால், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் உள்ள கூரியர் கிடங்குக்கு நேரில் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னீர்கள். 24-ஆம் தேதி, கேக்குக்கு ஊறப்போட்டதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு, காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே போய், முத்துக்கடையில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன், "பார்சல் காலையிலேயே காட்பாடிக்குப் போயிடுச்சும்மா" என்கிறார். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் வரவில்லை. என் முழங்கால் வலிக்கு யார் பதில் சொல்வது? யானை வந்தது 26-ஆம் தேதி சாயங்காலம்.

என் மகள் குடும்பம் பெங்களூரிலிருந்து கிறிஸ்துமஸுக்கென்றே வந்தது. பேரனுக்கு வாங்கிய மரக்கட்டை செட் முன்னாலேயே வந்துவிட்டது, அதில் குறையில்லை. ஆராதனை முடிந்து வந்து அவன் தன் பெட்டியைப் பிரிக்கும்போது, சின்னவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டுகிறாள். போன வருடம் அவள் கைக்குழந்தை, இந்த வருடம்தான் விவரம் தெரிந்து கொண்டாடுகிற முதல் கிறிஸ்துமஸ். அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுப் பண்டிகையையே நீங்கள் கெடுத்துவிட்டீர்கள். எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த நாள் திரும்பி வராது.

இவ்வளவுக்கும் பிறகு, "பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறீர்கள். பிரிக்காமல் அந்த மூடியை எப்படிப் பார்ப்பது?

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. நல்ல முறையில் முடித்தால் சந்தோஷம். யானையின் விலை 1,899 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் 50,000 ரூபாய் இழப்பீடு வேண்டும். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த யானையை இன்றே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லோருக்கும் மூடியைப் பற்றி எச்சரிக்கை அனுப்புங்கள். இந்த நிமிடம் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை அதை நெம்பிக்கொண்டிருக்கிறதோ!

2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது உங்கள் கடமை. தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன், ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ்ஸுக்கு பெட்டியின் படங்களை அனுப்புவேன், வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

யானை, பெட்டி, பில், உங்கள் மெசேஜ்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பொருளை எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால், கையெழுத்துப் போட்ட ரசீதோடு அனுப்பவும். ரசீது இல்லாமல் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்

இணைப்பு: பில் நகல், பெட்டியின் படங்கள், மூடியின் படம்