ஆயாவின் கல்லில் ஒரு வரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆயாவை அடக்கம் செய்த அன்று நீ வீடியோவில் பார்த்தது பாதிதான். காசிமேடு கல்லறையில் ஆயாவுக்கென்று நாங்கள் புதுக் குழி தேடவில்லை. தாத்தாவின் குழியைத்தான் திறந்தோம். பாதி ஆழம் வந்ததும் குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை மேலே வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை விலக்கினார். எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். கடைசியில் சிலுவையில் இயேசு தொங்குகிற ஒரு சின்ன பாடுபட்ட சுரூபம் வந்தது. தாத்தாவின் கையில் ஆயாவே வைத்தது. பித்தளை முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. லுங்கி முனையால் துடைத்து என்னிடம் காட்டினார். அதையும் துணி மூட்டைக்குள் வைத்து, ஆயாவின் பெட்டிக்குக் கால்மாட்டில் இறக்கினோம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் கல் போட வேண்டும். பெயரும் தேதியும் போதும் என்கிறான் உன் சித்தப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. 'படகுக்காரர் குடும்பம்' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். நம்ம இராயபுரத்துக்குப் பெயர் கொடுத்தவரே இயேசுவின் சீடர் இராயப்பர்தான். இப்போது பூசையில் பேதுரு என்று வாசிக்கிறார்கள். ஆயா கடைசி வரைக்கும் இராயப்பர் என்றுதான் சொல்லும். நீ புதுநன்மை வாங்கின அந்த இராயப்பர் கோயிலை 1820களில் எழுப்பியவர்கள் படகுக்காரர்கள். அப்போது மெட்ராசுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பலெல்லாம் கரைக்கு வர முடியாமல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளோ மூட்டையோ, அலையைத் தாண்டிக் கரை சேர்த்தது மசூலாப் படகு. ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும் என்று பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் படகு வளைந்து கொடுக்கும். தையல் வழியாகத் தண்ணீர் கசியும், ஒருத்தர் இறைத்துக்கொண்டே இருக்கணும். ஆயாவின் கொள்ளுத்தாத்தா பையனாக இருந்தபோது அந்த இறைக்கிற வேலைதான் பார்த்தாராம், அப்புறம்தான் துடுப்புக்குப் போனாராம். கோயிலுக்குள் நுழைந்ததும் ஆயா வாசல் சுவரைத் தொட்டு முத்தி செய்யுமே, ஞாபகம் இருக்கிறதா? பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

1875இல் துறைமுக வேலை ஆரம்பித்தது. 1881 புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். கப்பல் உள்ளேயே வந்து நிற்கத் தொடங்கியதும் படகுக்கு வேலை போச்சு. அதோடும் முடியவில்லை. நம்ம கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் மறித்ததும் மெரினா பக்கம் மணல் குவிந்து கரை அகலமாகிவிட்டது, நம்ம பக்கம் கடல் கரையைத் தின்றுவிட்டது. நீ சின்ன வயசில் கால் நனைக்கக் கேட்டு அடம்பிடிப்பாய், நான் கருங்கல் குவியல் மேல் உன்னைத் தூக்கி வைத்துக் கடலைக் காட்டுவேன். உன் ஆயாவின் கொள்ளுத்தாத்தா படகை இழுத்துப் போட்ட மணல் இருந்த பக்கம் அது.

அவர் எங்கே புதைக்கப்பட்டார் என்று ஆயாவுக்கே தெரியாது. கல் வைக்க அவர்களிடம் காசு ஏது? அதனால்தான் இந்தக் கல்லில் அந்த வரி வேண்டும் என்று கேட்கிறேன்.

கல் வெட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். 'படகுக்காரர் குடும்பம்' என்றே இருக்கட்டுமா, 'படகுக்காரர் வம்சம்' என்று போடலாமா? நீதான் மூத்த பேத்தி, நீ சொல்வதையே வெட்டச் சொல்கிறேன். சுரூபத்தைப் போட்டோ எடுத்து வைத்தேன், இதோடு அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடும்மா.

அன்புடன்,
அப்பா