கோபேயில் ஓர் அரிசி மில்காரரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களுக்கு நன்றி

ஜப்பானின் கோபே நகரில், நடா பகுதியில், சாக்கே என்ற அரிசி மது தயாரித்த பழைய ஆலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சவனோட்சுரு நிறுவனத்துடையது, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாவை அங்கே கூட்டிப் போனபோது துணை நின்றவர்களுக்கு இந்த மடல். இதன் ஜப்பானியப் பிரதியை அலுவலக நண்பர் எழுதித் தருகிறார். ஆனால் தமிழில் எழுதினால்தான் எனக்குத் திருப்தி.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் அரிசி மில் நடத்தியவர். மதுவைத் தொட்டதில்லை. "சாராயம் காய்ச்சுற இடத்துக்கு என்னை எதுக்குடா கூட்டிப் போறே?" என்று முந்தின நாள் இரவே கேட்டுவிட்டார். சாக்கே காய்ச்சி வடிப்பதில்லை, அரிசியைப் புளிக்கவைத்துப் பிழிவது என்று விளக்கினேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

முதல் நன்றி அந்த அலுவலக நண்பருக்கு. எங்களுக்காக விடுமுறை நாளைச் செலவழித்து, அப்பாவின் கேள்வி ஒன்றையும் சுருக்காமல் மொழிபெயர்த்தார். சாக்கே பிரியர், ஆனால் காரில் வந்ததால் அன்று ஒரு சொட்டும் தொடவில்லை. அந்த நாட்டில் குடித்துவிட்டு ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு.

அடுத்து, வரவேற்பில் இருந்த அம்மாவுக்கு. அப்பாவின் முழங்காலைப் பார்த்து, கேட்காமலேயே ஒரு நாற்காலி கொண்டுவந்தார். அதைவிடப் பெரிய உதவி அவர் சொன்ன ஒரு தகவல்: 1717இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் ஓர் அரிசி வியாபாரி. அரிசிக் கடைக்குப் பக்கத் தொழிலாக ஆரம்பித்ததுதான் சாக்கே. "அப்ப நம்ம ஆளு" என்று எழுந்தார் அப்பா. நாற்காலிக்கு அப்புறம் வேலையே இல்லை.

இந்தக் கட்டடம் 1995 ஜனவரி 17 அதிகாலை வந்த நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. அந்த நிலநடுக்கம் 6,400க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது; நடாவின் பழைய மர ஆலைகள் பலவும் சரிந்தன. மறுபடி கட்டுமுன் தோண்டியபோது, தரைக்கடியில் சாக்கே பிழிந்த இடத்தின் சுவடு கிடைத்திருக்கிறது. அதையும் காட்சிக்கு வைத்து, அடுத்த அதிர்ச்சியைத் தாங்கும் அடித்தளம் போட்டு, 1999இல் திறந்தார்கள். இடித்துவிட்டு வாகன நிறுத்தம் கட்டியிருக்கலாம். கட்டாதவர்களுக்கும் நன்றி.

இந்த மடல் முக்கியமாக யாருக்கு என்றால், பெயர் சொல்லிக்கொள்ளாமலேயே போய்விட்ட ஒரு பெரியவருக்கு. அவரும் எங்களைப் போலப் பார்க்க வந்தவர்தான். தாம்பா மலைப்பகுதிக்காரர், இளவயதில் குளிர்காலந்தோறும் வயல் வேலை முடிந்ததும் நடாவுக்கு சாக்கே வேலைக்கு வந்தவர். நூற்றாண்டுகளாக அந்த ஊர் விவசாயிகளின் வழக்கம் அது. மர அண்டாவின் முன்னால் அப்பா நின்று, அரிசியை எவ்வளவு தீட்டுவார்கள் என்று நண்பரைக் கேட்டுக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

சாப்பாட்டு அரிசியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போகும் என்றார். நல்ல சாக்கேக்கு 30 சதவீதம் போக வேண்டும். கின்ஜோ என்ற உயர்தர வகை என்றால் குறைந்தது 40, அதற்கும் மேலான தைகின்ஜோ என்றால் குறைந்தது 50. அப்பா நெஞ்சில் கை வைத்துவிட்டார். பாதி அரிசியை மாவாக்குவதா! அரிசியின் வெளிப்பகுதியில் உள்ள புரதமும் கொழுப்பும் ருசியைக் கெடுக்கும், நடுவில் இருக்கும் வெண்மையான மாவுதான் வேண்டும் என்று பெரியவர் பொறுமையாகச் சொன்னார். அந்த வெள்ளை நடுப்பகுதிக்காகவே யமடா நிஷிகி என்று தனி நெல் இருக்கிறது. இதே ஹியோகோ மாநிலத்தில் உருவாகி 1936இல் பெயர் பெற்றது. உயரமாக வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும் பயிர். தீட்டும்போது உதிரும் மாவு, அரிசி வறுவல் செய்யவும் தீவனத்துக்கும் போகிறது, வீணாவதில்லை என்று கேட்ட பிறகுதான் அப்பா முகம் தெளிந்தது.

நடா பேர் வாங்கியதே தீட்டலில்தான் என்றும் அவர் விளக்கினார். மற்ற ஊர்களில் காலால் மிதித்துக் குத்திய காலத்தில், இங்கே ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் நீர்ச்சக்கரம் வைத்து அரிசி குத்தினார்கள். பக்கத்து நிஷினோமியாவில் இரும்புச் சத்து மிகக் குறைந்த கிணற்று நீர், எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) பீப்பாய் ஏற்றிப் போகக் கப்பல், மலையிலிருந்து குளிர்காற்று. ஒரு ஊருக்கு இத்தனையும் அமைவது அதிர்ஷ்டம்தான்.

அப்புறம்தான் அந்தச் சம்பாஷணை. அரிசி சரியாக வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று அப்பா கேட்டார். பெரியவர் உள்ளங்கையை விரித்து, ஆவியில் வெந்த அரிசியை அழுத்தித் தேய்த்து உருட்டுவது போலச் செய்து காட்டினார். வெளியே விறைப்பு, உள்ளே மென்மை. அப்போதுதான், அரிசி மாவைச் சர்க்கரையாக்கும் கோஜிப் பூஞ்சை உள்ளே இறங்குமாம். பதிலுக்கு அப்பா, காய்ந்த நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் பார்ப்பதை நடித்துக் காட்டினார். 'டக்' என்று உடைந்தால் அரைக்கலாம், நசுங்கினால் இன்னொரு வெயில் வேண்டும். நண்பர் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் பெரியவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு எங்கள் இருவரையும் அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. கோஜிக்கு முப்பது டிகிரிக்கு மேல் சூடான அறை, இரவும் பகலும் காவல், அண்டாவில் மூன்று தவணையாக அரிசி சேர்ப்பது எல்லாம் கைச்சாடையிலேயே ஓடியது. 2024 டிசம்பரில் இந்தக் கைப்பக்குவத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாது. எனக்கு அதைக் காட்டியது அந்தக் கைதான்.

அப்பா ருசி பார்க்கமாட்டார் என்றதும் யாரும் வற்புறுத்தவில்லை. இதுவும் பெரிய விஷயம். மாலையில் நண்பரின் தாயார், கோஜியும் அரிசியும் மட்டும் சேர்த்த போதையில்லாத அமசாக்கேயைச் சூடாகக் கொடுத்தார். கஞ்சியில் வெல்லம் போட்டது போல இருக்கிறது என்று அப்பா இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினார். அந்த அம்மாவுக்கும் எங்கள் வணக்கம்.

ஜப்பானியப் பிரதியை அருங்காட்சியக வரவேற்புக்குத் தபாலில் அனுப்புகிறோம். தாம்பா பெரியவர் மறுபடி வந்தால் தயவுசெய்து அவரிடம் சேர்த்துவிடுங்கள். அப்பா ஊரிலிருந்து தொலைபேசியில் ஒரு கேள்வி சொல்லி, கட்டாயம் எழுதச் சொன்னார்: மாப்பிள்ளைச் சம்பாவில் சாக்கே போட்டால் நிற்குமா? சிவப்பு அரிசி, தீட்டினால் தாங்குமா என்று தெரியவில்லை, குடிக்கக் கேட்கவில்லை, தொழில் தெரிந்துகொள்ளத்தான் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஒசாகாவிலிருந்து ஒரு மகன்