'எ வீவர் அண்ட் ப்ரவுட் ஆஃப் இட்' பிழையான ஆங்கிலம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கில இலக்கணப் பகுதியை நான் விடாமல் படிக்கிறவன். போன வாரம் அதில் 'அண்ட்', 'பட்', 'ஆர்' பற்றி எழுதியிருந்தார்கள். இந்தச் சொற்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே வகைச் சொல்தான் வர வேண்டும், ஒரு பக்கம் பெயர்ச்சொல் என்றால் மறுபக்கமும் பெயர்ச்சொல், ஒரு பக்கம் அட்ஜெக்டிவ் என்றால் மறுபக்கமும் அட்ஜெக்டிவ், மாறி வந்தால் பிழை என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். அது சரியில்லை. அந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

என் தங்கை மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டுத் தேர்வில் தாத்தாவைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா என்றால் என் அப்பா, சின்னாளபட்டியில் நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். அவள் எழுதிய முதல் வரி: "மை கிராண்ட்ஃபாதர் வாஸ் எ வீவர் அண்ட் ப்ரவுட் ஆஃப் இட்." விடைத்தாளில் அந்த 'அண்ட்' மேல் சிவப்பு மையில் வட்டம், ஓரத்தில் 'பேரலலிசம் எரர்', அதாவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்ற பிழை, ஒரு மார்க் போச்சு. மேலே திருத்தமும் எழுதியிருந்தது: "எ வீவர் அண்ட் எ ப்ரவுட் மேன்."

எனக்கு மார்க் போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்தத் திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். பிள்ளை எழுதியது, தாத்தா நெசவாளர், அந்தத் தொழிலில் அவருக்குப் பெருமை என்பது. திருத்தியபின் அது 'நெசவாளர், பெருமைக்காரர்' என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் 'ப்ரவுட் மேன்' என்றால் தன்மானம் உள்ளவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம், தலைக்கனம் பிடித்தவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் அப்பா வீட்டுக்கு யார் வந்தாலும் பீரோவிலிருந்து ஒரு சேலையை எடுத்து முந்தியை விரித்து, "இது நான் போட்டது, கரையைப் பாருங்க" என்று காட்டுவார், அவ்வளவுதான் அவருடைய பெருமை. அதை அந்தப் பெண் மூன்று சொல்லில் பிடித்திருந்தாள். விதிக்காக அதை அழித்துவிட்டார்கள்.

சரி, ஆங்கிலம் பேசுகிறவர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள்? 'ஷீ இஸ் எ டாக்டர் அண்ட் வெரி கைண்ட்' என்பார்கள், ஒரு பக்கம் பெயர்த்தொடர், மறுபக்கம் அட்ஜெக்டிவ். வீடு பார்க்கப் போனால் 'ஸ்மால் பட் எ ரியல் பார்கெய்ன்' என்பார்கள். சண்டையில் 'யூ ஆர் ஈதர் ப்ளைண்ட் ஆர் எ லையர்' என்று வரும், உனக்குக் கண் தெரியவில்லை, இல்லாவிட்டால் நீ பொய்யன் என்று. நம் ஊர்ப் பிள்ளைகளே 'ஐ ஆம் எ டமிலியன் அண்ட் ப்ரவுட் ஆஃப் இட்' என்று முகநூலில் போடுகிறார்கள், யாரும் அதைப் பிழை என்று சொன்னதில்லை. இவை எல்லாம் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் ஆங்கிலக்காரர்கள் தினமும் வாய்நிறையப் பேசுகிற வாக்கியங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே வகை என்ற விதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1957-இல் வந்த 'சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற சிறிய புத்தகத்தில் மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி, ஒரே வகையான தொடர்களைத்தான் 'அண்ட்' போட்டு இணைக்க முடியும் என்பதை, ஒரு வாக்கியத்தை எங்கே பிரிப்பது என்று கண்டுபிடிக்கும் சோதனையாகப் பயன்படுத்தினார். மொழியியலில் அது வெகுகாலம் ஓடியது. அப்புறம் 1985-இல் ஐவன் சாக், ஜெரால்ட் கஸ்டார், தாமஸ் வாசோ, ஸ்டீவன் வைஸ்லர் என்று நாலு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அதிலிருந்து ஒரு வாக்கியம் மனப்பாடம்: 'பேட் இஸ் எ ரிபப்ளிகன் அண்ட் ப்ரவுட் ஆஃப் இட்', பேட் என்பவர் ரிபப்ளிகன் கட்சிக்காரர், அதில் அவருக்குப் பெருமை என்று. 'எ ரிபப்ளிகன்' பெயர்த்தொடர், 'ப்ரவுட் ஆஃப் இட்' அட்ஜெக்டிவ் தொடர், வகை வேறு, ஆனால் வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை, ஆகவே விதியைத்தான் மாற்ற வேண்டும் என்று எடுத்துக்காட்டினார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளையின் வாக்கியமும் இதே அச்சில் வார்த்ததுதான் என்பதைக் கவனியுங்கள். 2002-இல் ரோட்னி ஹடில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் இருவரும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணமும் இதையேதான் சொல்கிறது: சொல் வகை ஒத்துப்போக வேண்டியதில்லை, வாக்கியத்தில் பார்க்கும் வேலை ஒத்துப்போனால் போதும்.

வேலை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ரொம்ப எளிது. இணைப்புச் சொல்லை எடுத்துவிட்டு ஒவ்வொரு பாதியையும் தனியாக வைத்துப் படியுங்கள். 'ஹீ வாஸ் எ வீவர்' நிற்கிறது. 'ஹீ வாஸ் ப்ரவுட் ஆஃப் இட்' நிற்கிறது. இரண்டும் நின்றால் பெரும்பாலும் சேர்த்தாலும் நிற்கும். 'பிகேம்' என்ற வினையும் இரண்டையும் ஏற்கும், 'ஹீ பிகேம் ஃபேமஸ் அண்ட் எ மினிஸ்டர்' என்று தாராளமாகச் சொல்லலாம். அதே அர்த்தத்தில் 'க்ரூ' போட்டால் ஆகாது. 'ஹீ க்ரூ ஓல்ட்' சரி, 'ஹீ க்ரூ எ மினிஸ்டர்' என்று யாரும் சொல்வதில்லை, அதனால் 'க்ரூ ஓல்ட் அண்ட் எ மினிஸ்டர்' என்பதும் தப்பு. ஆக, எது கூடும் எது கூடாது என்பதை முன்னால் நிற்கும் வினைதான் தீர்மானிக்கிறது. பெயருக்கு முன்னால் வந்தாலும் இதே கதைதான். 'எ டால் அண்ட் டீச்சர் உமன்' தப்பு, ஏனென்றால் உயரமான ஆசிரியை என்ற பொருளில் அந்த இடத்தில் 'டீச்சர்' பொருந்தாது. ஆனால் 'சென்ட்ரல் அண்ட் ஸ்டேட் கவர்ன்மென்ட்ஸ்' என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் தினம் பார்க்கிறோமே, அதில் 'சென்ட்ரல்' அட்ஜெக்டிவ், 'ஸ்டேட்' பெயர்ச்சொல். 'மெடிக்கல் அண்ட் ஃபுட் சப்ளைஸ்' அப்படித்தான். உங்கள் மாணவர் பக்கத்து விதிப்படி இவை எல்லாமே பிழை என்று ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'எ வீவர் அண்ட் ப்ரவுட் ஆஃப் இட்' என்பதைத் திருப்பி, 'ப்ரவுட் ஆஃப் இட் அண்ட் எ வீவர்' என்று போட முடியாது. அந்த 'இட்' முதல் பாதியைக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, நெசவாளராக இருப்பது என்ற முழு விஷயத்தையும் அந்த ஒரு சொல்தான் தூக்கிச் சுமக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்காது, ஆனால் வரிசை சரியாக வந்திருக்கிறது. நிறைய வாசித்தோ கேட்டோதான் இது வரும்.

அதுவும் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு. ஏனென்றால் தமிழ் இந்த இடத்தில் வேறு வழியில் போகிற மொழி. நம் 'நல்ல' என்ற சொல் வாக்கியத்தின் முடிவில் தனியாக நிற்காது, 'நல்லவர்' என்று ஆக்கித்தான் நிறுத்துகிறோம். 'அவர் ஆசிரியர், கண்டிப்பானவர்' என்றால் இரண்டுமே பெயர் மாதிரி ஆகிவிடுகின்றன, வகை வேறு என்ற சிக்கலே எழுவதில்லை. 'உம்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது, அதில் எண், அதாவது ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து எண்ணிச் சொல்வது, ஒன்று. அந்த எண்ணும்மையைப் போட்டு 'அவர் நெசவாளரும் பெருமையும்' என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டாது. 'நெசவாளர், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு' என்று இரண்டாகத்தான் சொல்வோம். இரண்டு பக்கமும் ஒரே வகை என்ற விதி நம் ஆசிரியர்களுக்கு இவ்வளவு இயல்பாகப் படுவதற்கு நம் காது இப்படிப் பழகியதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். தமிழ் வழக்கைத் தாண்டி ஆங்கிலத்தின் போக்கிலேயே ஒரு பிள்ளை ஒரு வரி எழுதினால் அதற்கு ஒரு மார்க் கூடக் கொடுக்க வேண்டும்.

பேரலலிசம் என்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'ஷீ லைக்ஸ் சிங்கிங் அண்ட் டு டான்ஸ்' என்று எழுதுகிற பிள்ளையிடம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதம்மா என்று சொல்லத்தான் வேண்டும், படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது நடையைப் பற்றிய ஆலோசனை. அதைத் தூக்கி இலக்கணப் பிழைக் கணக்கில் சேர்ப்பதில்தான் எனக்கு வருத்தம். திருத்திய ஆசிரியையையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருக்கும் கைடு அப்படிச் சொல்கிறது, பத்திரிகையும் அப்படியே சொல்கிறது, அவர் என்ன செய்வார்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். எங்கள் ஊரில் பல வீடுகளில் அந்த மாணவர் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள், தேர்வுக்கு முன்னால் அதைத்தான் புரட்டுகிறார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இணைப்புச் சொல்லின் இரண்டு பாதியையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையையும் சேர்த்துப் போடுங்கள். உதாரணத்துக்கு எங்கள் பிள்ளையின் வரியையே எடுத்துக்கொள்ளலாம், அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சின்னாளபட்டி