சாயங்கால சீரியலும் பாப்பா கேட்ட கேள்வியும்

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? போன வாரம் பேசும்போது, "அந்த சிங்கப்பூர் டிவியில கண்டதையும் காட்டுவாங்களாமே, பாப்பா பார்க்கிறாளா?"ன்னு கேட்டாய். போனில் மாமியார் பக்கத்தில் இருந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நீ நினைப்பதற்கு நேர் எதிர் அக்கா. வசந்தம் என்ற தமிழ் சேனல் மாதிரி காசு கட்டாமல் வரும் ஒளிவழிகளில் பிஜி13 தர நிகழ்ச்சியையே (13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டியது) ராத்திரி 10 மணிக்கு மேல்தான் போட வேண்டும் என்று இங்கே விதி. எனக்குத் தலைவலியே காசு கட்டி வாங்கும் நம்ம ஊர் சேனல்கள்தான். பாப்பா வீட்டுப்பாடம் எழுதும் நேரம் பார்த்து ஒரு சீரியல் ஓடியது, அதில் கதாநாயகன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவள் அழுது வேண்டாம் என்று கத்தக் கத்தத் தாலி கட்டுகிறான், பின்னாடி புல்லாங்குழல் வாசிக்கிறார்கள். பாப்பா பென்சிலை வைத்துவிட்டு, "அவங்க வேணாம்னுதானே சொன்னாங்க, அப்புறம் ஏன் லவ் மியூசிக்?" என்று கேட்டாள். முத்தம் கிடையாது, அந்தப் பெண் கட்டியிருந்தது பட்டுப்புடவை, அதனால் யாருக்கும் அது ஆபாசமாகவே படவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

2017-இல் ஆணுறை விளம்பரத்தை ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும்தான் போடலாம் என்று நம்ம மத்திய அரசு சொன்னது. இந்தக் காட்சி மட்டும் சாப்பாட்டு நேரத்தில் நடுக்கூடத்தில் ஓடலாமா? இரட்டை அர்த்த காமெடியும் அப்படித்தான், பெரியவர்கள் சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள்.

இங்கே பள்ளியில் தொடக்கநிலை 5-லேயே, அதாவது அஞ்சாம் வகுப்பிலேயே, பாலியல் கல்வி உண்டு. வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்துவிடலாம். நான் கொடுக்கவில்லை. மாமியார் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பரவாயில்லை.

உன் பெண்ணும் வளர்கிறாள். சீரியலை நிறுத்து என்று சொல்லமாட்டேன், அம்மாவுக்கு அதை விட்டால் வேறு பொழுதுபோக்கு ஏது? ஆனால் அப்படிக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடாதே. "இவன் செய்றது தப்பு, அவ வேணாம்னா வேணாம்தான்" என்று அவள் காதில் விழும்படி சொல். அம்மாவையும் சொல்லச் சொல், பாட்டி சொன்னால்தான் அவள் கேட்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம். பதில் போடு.

அன்புடன்,
உன் தங்கை