'ஐந்து நாள் மாத்திரைதானே!'

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் உடல்நலப் பக்கத்தில் வந்த சைனஸ் அறுவை சிகிச்சைக் கட்டுரையில், ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றி, "ஐந்து நாள் மாத்திரைதானே, பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஐந்து நாளையும் அனுபவித்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

மூக்கினுள் சதை வளர்ந்தவர்களுக்கு அறுவைக்கு முன் சில நாள் பிரெட்னிசோலோன் என்ற இந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தால் சதை சுருங்கும், ரத்தக் கசிவு குறையும், எண்டோஸ்கோப் எனும் கேமராக் குழாய் வழியே பார்க்கும் மருத்துவருக்கு உள்ளே தெளிவாகத் தெரியும் என்பது தாங்கள் அறியாததல்ல. அதில் எனக்கு வழக்கும் இல்லை. நான்கு ஆண்டுகளாக எதையும் முகர முடியாதிருந்த எனக்கு, மூன்றாம் நாளே எதிர்வீட்டு ரசத்தின் பெருங்காய வாசம் தெரிந்தது. ஆனால் நான் நீரிழிவு நோயாளி. தினமும் காலையில் 5 மில்லிகிராம் மாத்திரை ஆறை விழுங்கிவிட்டு, மறுநாள் வெறும் வயிற்றில் வழக்கம்போல் சோதித்தால் ரத்தச் சர்க்கரை 6.8 மில்லிமோல் (சுமார் 122 மி.கி.) என்றே காட்டியது. காலையில் உண்ணும் இந்த மாத்திரை பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை அதிகம் ஏற்றும் என்று எவரும் சொல்லவில்லை. நாக்கு வறண்டு, மாலை ஆறு மணிக்கு விரலைக் குத்திப் பார்த்தபோது 18.2 (சுமார் 328 மி.கி.). இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் அடுப்படி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கள் பக்கம் இப்படி எழுதுவது இது முதல்முறையன்று. முன்பொருமுறை ஸ்டீராய்டு மாத்திரை பற்றிய செய்திக்குக் கட்டுமஸ்தான உடற்பயிற்சி வீரர் ஒருவரின் படத்தைப் போட்டீர்கள் (தசை வளர்க்க உண்பது வேறு வகை ஸ்டீராய்டு), அதைப் பார்த்த என் நாத்தனார், "அண்ணி, உங்களுக்கு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்டார். கடந்த ஆண்டு அறுவை சிகிச்சையை "நிரந்தரத் தீர்வு" என்றீர்கள். சதை மீண்டும் வளரக்கூடும், உப்புநீரால் மூக்கைக் கழுவுவதையும் மூக்கில் அடிக்கும் மருந்தையும் அதன்பிறகும் விடக்கூடாது என்று நான் எழுதிய மடலிலிருந்து, பாராட்டியிருந்த முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி.

இனி இம்மாத்திரையைப் பற்றி எழுதும்போது, நீரிழிவு, கண்நீர் அழுத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியை, என் போன்றோர் கண்ணாடி போட்டாவது படிக்கக்கூடிய எழுத்தில் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பிடோக், சிங்கப்பூர்