வில்லியமினா நூலுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வானியலாளர் வில்லியமினா ஃபிளெமிங் பற்றிய சிறுநூல் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஹார்வர்டு ஆவணக் காப்பகத்தாருக்கு. வில்லியமினா 1900-இல் எழுதிய நாட்குறிப்பை எவரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். 1857-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் பிறந்தவர், 14 வயதில் பள்ளியில் சொல்லிக்கொடுக்கப் போனவர், 1878-இல் கணவரோடு பாஸ்டனுக்குக் கப்பலேறி, வயிற்றுப் பிள்ளையோடு கைவிடப்பட்டவர் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். நாட்குறிப்பில்தான் அவரே பேசுகிறார். அவர் வேலை பார்த்த ஹார்வர்டு வானாய்வகத்தில் ஆண் உதவியாளர்களுக்கு ஆண்டுக்கு 2,500 டாலர், அவருக்கு 1,500. கேட்டால், பெண்களுக்கு இது நல்ல சம்பளம் என்று பதில். மகனின் படிப்பு, வீட்டுச் செலவு எல்லாம் அதற்குள்தான். தன் சொந்த ஆய்வை ஓரங்கட்டிவிட்டு, மற்றவர்கள் எழுதியதை அச்சுக்குத் தயார் செய்வதிலேயே பொழுது போகிறதே என்ற ஆற்றாமையும் அதில் இருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை நிறமாலை (ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறப்பட்டை) பார்த்து வகைப்படுத்தியவரின் ஆற்றாமை!

வானாய்வகத் தலைவர் பிக்கரிங் தன் ஆண் உதவியாளர்களைப் பார்த்து, "என் வீட்டு வேலைக்காரி இதைவிட நன்றாகச் செய்வாள்" என்று கத்தினாராம்; அந்த வேலைக்காரி வில்லியமினாதானாம். அந்தக் கதையை உண்மைச் சம்பவம்போல எழுதக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற தோழிக்கு நன்றி. சுவையான கதைதான், ஆனாலும் செவிவழிச் செய்திதானே. அவர் பிக்கரிங் வீட்டில் வேலைக்கு இருந்தது உண்மை, அதுவே போதும்.

அச்சகத்து அண்ணனை மறக்க முடியாது. அந்தக் காலத்தில் வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தட்டின் படத்தில் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "நிறம் மாறிக் கிடக்கே, சரி பண்ணட்டுமா சார்?" என்றார். தட்டு எப்போதும் எதிர்மறைப் படம்தான், வில்லியமினா பார்த்ததும் இப்படித்தான் என்று சொன்னதும், அப்படியே முழுப் பக்கத்துக்கு விட்டுவிட்டார். 1888 பிப்ரவரி 6-இல் எடுத்த தட்டில், ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையிலுள்ள ஸீட்டா என்ற விண்மீனுக்குச் சற்றுத் தெற்கே, மங்கலான நெபுலாவை (விண்வெளியின் வாயு, தூசி மேகத்தை) யாரோ கடித்து வைத்ததுபோல அரைவட்டப் பள்ளம். அதைக் குறித்து வைத்தவர் அவர். இன்று அது குதிரைத்தலை நெபுலா. பின்னால் வந்த நெபுலாப் பட்டியலில் கண்டவர் பெயர் பிக்கரிங் என்று ஏறியது. இந்தப் பகுதியைப் பின்னிணைப்பில் போடாதே, நடுவில் போடு என்று சொன்ன வானியல் மன்றத்து நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

தன் கணவரின் நினைவாகப் பணம் தந்து, விண்மீன்களை வகைப்படுத்திப் பட்டியலிடும் அந்த வேலையை நடக்க வைத்த அன்னா டிரேப்பருக்கும் ஒரு கும்பிடு, காலம் கடந்ததுதான்.

மெய்ப்புப் பார்த்த இரு தங்கைகளுக்கும் தபாலில் பிரதிகள் கிளம்பிவிட்டன. பள்ளி நூலகங்களுக்கு வேண்டுமானால் சொல்லுங்கள், இலவசமாகவே அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
நூலை எழுதியவன்